பழைய லேசர் பிரிண்டரில் கறுப்புக் கோடு, கூடவே புள்ளி

மைக்கூடு:
டோனர் பவுடர் ரீஃபில் செய்ததிலிருந்து பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறது, அதோடு ஒரு சின்னப் புள்ளியும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரிண்டர் பழசுதான், ஆனால் நன்றாக உழைக்கிறது, தூக்கிப்போட மனசில்லை. புது கார்ட்ரிட்ஜ் வாங்கியே ஆக வேண்டுமா?

ஸ்பேனர்:
முதலில் ஸ்கேலை வைத்துப் புள்ளிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். சின்ன பிரிண்டர்களில் டிரம்மின், அதாவது பவுடரால் உருவத்தைத் தாளுக்கு மாற்றும் உருளையின், விட்டம் பெரும்பாலும் 24 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு சுமார் 75 மி.மீ. அந்த அளவில் புள்ளி வந்தால் டிரம்மில் கீறலோ ஒட்டிய தூசியோ இருக்கிறது. இடைவெளி வேறாக இருந்தால் வேறு உருளையைச் சந்தேகப்படுங்கள். கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வைப்பர் பிளேடு. டிரம்மில் மிஞ்சும் பவுடரை வழித்தெடுப்பது அதுதான், முனை தேய்ந்தால் அந்த இடத்தில் பவுடர் தங்கிக் கோடாக விழும்.

கருந்தூள்:
டிரம்மையும் பிளேடையும் மட்டும் தனியாக மாற்றலாம், முழு கார்ட்ரிட்ஜ் தேவையில்லை. டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்திலும் வைக்காதீர்கள். கையில் பவுடர் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

மைக்கூடு:
அளந்தேன், 75தான்! எழுத்தைத் தேய்த்தாலும் அழியவில்லை, அப்போ பவுடரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் சரிதானே?

ஸ்பேனர்:
ஆமாம், அதைத் தொடவே வேண்டாம். டிரம்மும் பிளேடும் போதும்.