கைரேகை பதியாதவர்களுக்கு அரிசி: ரேஷன் வரிசையில் நடக்கும் வாதங்கள், விவரம் தெரிந்தவர்களின் பகிர்வு

தலைச்சங்காடு:
கைரேகை மெஷின் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே குரல்தான் கேட்கிறது. "மெஷின் வந்த பிறகுதான் திருட்டு நின்றது, ரேகை பதியாதவர் போலி ஆள்" என்பது ஒன்று. "மெஷினே ஏழைக்கு எதிரி, தூக்கி எறி" என்பது மற்றது. இரண்டு பக்கமும் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பேசுவதே இல்லை. கடையில், ஆதார் மையத்தில், தொழிற்சங்கத்தில், மனு எழுதும் இடத்தில் இந்த வாதத்தை அன்றாடம் எதிர்கொள்பவர்கள் விவரத்தோடு எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். அடுத்தவருக்குக் கையில் பிடித்துப் பயன்படுத்தும்படி இருக்கட்டும்.

பொன்னி_கடை:
ரேகை பதியாததற்குக் காரணம் பெரும்பாலும் தோல்தான். சிமெண்ட், சுண்ணாம்பு, உப்பளம், தோல் பதனிடுதல், பாத்திரம் தேய்ப்பது, பீடி சுற்றுவது எல்லாமே ரேகை மேட்டைத் தேய்க்கும் வேலைகள். வயதானால் தோல் வறண்டு மெலிந்து, சென்சார் கண்ணாடியில் ஒட்டாது. கேப்சைடபின் போன்ற சில புற்றுநோய் மாத்திரைகளாலும் ரேகை மங்கும். "போலி ஆள்" என்று சொல்வதற்கு முன் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாலே பாதி வாதம் அடங்கும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கண்ணாடியைப் பஞ்சு உதிராத காய்ந்த துணியால் துடையுங்கள், முந்தைய ஆளின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுத்தவர் ரேகை கலங்கும். வெயில் நேராகச் சென்சாரில் விழக் கூடாது. ஒளியில் படம் எடுக்கும் வகை மெஷின்கள் வெயிலில் தடுமாறும், மேசையைத் திருப்பிப் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும். வியர்த்த விரலைத் துடைக்கச் சொல்லுங்கள். வறண்ட விரலாக இருந்தால் ஈரத்துணியை ஒரு தரம் தொட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நுனியைக் குத்தி வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நகத்துக்குக் கீழே ரேகை சுழியும் நடுப்பகுதி கண்ணாடியில் தட்டையாகப் படிய வேண்டும். பதறிப்போய் அழுத்தினால் மேடு நசுங்கிப் பள்ளத்தோடு சேர்ந்துவிடும்.

அதே விரலை ஆறு முறை வைப்பதில் பயன் இல்லை. விரலை மாற்றுங்கள். ஒரு விரல் மூன்று முறை தோற்றால் அடுத்த கைக்குப் போங்கள். அதுவும் இல்லையென்றால் கருவிழிக் கருவி, பிறகு ஓடிபி, கடைசியாகக் கார்டை ஸ்கேன் செய்து பதிவேட்டில் கையெழுத்து. இந்தக் கடைசி வழியைப் பல கடைகளில் "ப்ராக்ஸி" என்பார்கள். அதை மறுக்கும் சில விற்பனையாளர்கள் கெட்டவர்கள் அல்ல. ப்ராக்ஸி எண்ணிக்கை கூடினால் ஆய்வில் முதல் கேள்வி அவர்களிடம்தான் வரும், அந்தப் பயம்தான். இதையும் வாதிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்மணி_இசேவை:
பொன்னி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "பதியல" என்று கேட்டு வருபவர்களுக்கு உண்மையில் நான்கைந்து வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கும். திரையில் வரும் பிழை எண்ணைக் குறித்து வரச் சொல்லுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை, மேலே சொன்ன தோல் விஷயம். 330 என்றால் அவர் ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டப்பட்டிருக்கிறது, விரலை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறக்கலாம், பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே கடை வாசலில் நின்றுதான் திறக்க வேண்டும், வீட்டிலிருந்து திறந்துவிட்டு வரக் கூடாது. 811 என்றால் அந்த எண்ணுக்குப் பயோமெட்ரிக் தகவலே ஆதாரின் மையத் தகவல் கிடங்கில் இல்லை. ஐந்து வயதுக்குள் எடுத்த குழந்தை ஆதாரில் ரேகையே எடுப்பதில்லை. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு இப்படி வரும். 997 என்றால் ஆதார் முடக்கப்பட்டிருக்கிறது. நெட்வொர்க் காத்திருப்பில் நின்றுபோவது இவை எதிலும் சேராது, அது டவர் பிரச்சினை, ஆளின் குற்றம் இல்லை. இந்த ஐந்தையும் ஒரே வார்த்தையில் "பதியல" என்று எழுதிவிட்டுத் திருப்பி அனுப்புவதால்தான் அதே பாட்டி ஒவ்வொரு மாதமும் அலைகிறார்.

300 திரும்பத் திரும்ப வந்தால் ஆதார் மையத்தில் பயோமெட்ரிக் புதுப்பிக்க வேண்டும். போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று கேளுங்கள், அந்த விரலைக் கார்டு உறையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டு, விரல் மோசமாக இருந்தால் கருவிழி இரண்டும் தெளிவாக எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். கண்புரை அறுவை செய்து பாவையின் வடிவம் மாறியிருந்தால் பழைய கருவிழிப் பதிவு பொருந்தாமல் போகலாம், அப்போது அதையும் புதிதாக எடுக்க வேண்டும். விரலே இல்லாதவர்களுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு: முகமும் இரு கைகளும் தெரியும்படி ஒரு படம் எடுப்பார்கள். "விரல் இல்லாமல் ஆதார் போட முடியாது" என்று யாராவது சொன்னால் அது தவறு.

ஓடிபி வழியில் அதிகம் அடிபடுவது ஏழைகள்தான். ரீசார்ஜ் செய்ய முடியாமல் எண் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் இணைப்பை நிறுத்தலாம், பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். ஓடிபி அந்த வேறொருவருக்குப் போய்ச் சேரும். மகனின் எண்ணைக் கொடுத்திருந்தால் மகன் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா கடையில் நிற்பார்.

கணக்கன்_தணிக்கை:
திருட்டு பற்றிய வாதத்துக்கு வருகிறேன். ரேகை மெஷின் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: நிற்பவர் கார்டில் உள்ளவர்தானா? அரிசி 20 கிலோ போட்டார்களா, 18 போட்டார்களா என்று அது சொல்லாது. ரேகையை வாங்கிக்கொண்டு எடையில் இரண்டு கிலோ குறைத்தால் மெஷினில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வேறுபாடு இதுதான்: ஆள் மாறாட்டத் திருட்டு வேறு, அளவுத் திருட்டு வேறு. எங்கே எது அதிகம் என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது.

ஊகம் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. இரண்டையும் செய்தவர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர். ஒன்று, அன்றைய ஆந்திராவில் நூறு நாள் வேலைக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் கைரேகை ஸ்மார்ட் கார்டு. கூலி விரைவாக வந்தது, இடையில் கசிந்தது குறைந்தது. இன்னொன்று ஜார்கண்ட் ரேஷன், ஒன்றரைக் கோடிப் பயனாளிகளை உள்ளடக்கியது. அங்கே ரேகையைக் கட்டாயமாக்கியதால் மட்டும் கசிவு குறையவில்லை. ஆதாரை முன்பே இணைக்காதவர்கள் பெற்ற பொருளின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தது. பிறகு, மெஷினில் பதிந்த இருப்பைக் கணக்கிட்டுக் கடைக்கு ஒதுக்கீடு செய்யத் தொடங்கியபோது கசிவு நன்றாகக் குறைந்தது, கூடவே மக்கள் கைக்கு வந்ததும் குறைந்தது. அதாவது முன்பே களவுபோய் மெஷினில் மட்டும் இருப்பாக நின்ற அரிசியையும் கழித்துக்கொண்டு ஒதுக்கினார்கள், அந்தக் கள்ளக் கணக்கின் பாரத்தை வரிசையில் நின்றவரும் சுமந்தார்.

இரண்டு இடத்திலும் விரல்தான், மெஷின்தான். ஆந்திராவில் கார்டு வராதவருக்குப் பழைய வழியிலும் பணம் கொடுத்தார்கள், ஜார்கண்டில் அந்தக் கதவு குறுகியது. ஆகவே "தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா" என்று யாராவது ஆரம்பித்தால் நான் கேட்பது ஒன்றுதான்: மெஷின் தோற்றால் அடுத்த வழி என்ன, அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம்?

2017 செப்டம்பரில் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் குடும்பத்தின் கார்டு நீக்கப்பட்டு மாதக்கணக்கில் அரிசி வரவில்லை என்று குடும்பமும் உணவு உரிமை அமைப்பினரும் சொன்னார்கள். பட்டினிச் சாவு அல்ல, மலேரியா என்று அரசு மறுத்தது. எது காரணம் என்று வாதிடுபவர்கள் வாதிடட்டும். ஒரு கார்டை நீக்குவதற்கு முன் வீட்டுக்குப் போய் ஒருவர் பார்க்க வேண்டும், அவ்வளவு சிறிய வேலை அது.

கொங்கு_நூல்:
மெஷினைத் தூக்கி எறி என்பவர்களுக்கு ஒரு மறுப்பு. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளி இங்கே அரிசி வாங்க முடிவது ஆதார் வழி இணைப்பால்தான். இதற்கான ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2019 ஆகஸ்டில் ஆந்திரா–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரா என இரண்டு ஜோடி மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. காகித அட்டை காலத்தில் ஊரை விட்டவருக்கு ரேஷனும் போயிற்று.

ஆனால் இங்கேயும் விவரம் தெரியாமல் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டாக இருக்க வேண்டும். வந்தவரின் பெயரும் ஆதாரும் அந்தக் கார்டில் ஏறியிருக்க வேண்டும். மொத்தத்தையும் இங்கேயே வாங்க வேண்டியதில்லை. இவர் பங்கை இங்கே வாங்கலாம், மீதியை ஊரில் குடும்பம் வாங்கலாம். இது தெரியாமல் "நான் வாங்கினால் வீட்டில் அரிசி நின்றுவிடும்" என்று பயந்து வாங்காமல் இருப்பவர்கள் ஏராளம். புதியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

பொன்னி_கடை:
கணக்கன் ஐயா சொன்ன எடை விஷயம் உண்மை. அதற்கு விடை, தராசை ப்ளூடூத்தில் மெஷினோடு இணைப்பது. எடை சரியாக ஏறினால்தான் பில் விழும். தமிழ்நாட்டிலும் இந்த இணைப்பு வந்துவிட்டது. அதன் விலை நேரம்: ஒவ்வொரு பொருளுக்கும் தராசு நிலைக்க வேண்டும், வரிசை நீளும், கூலி வேலைக்காரருக்கு அரை நாள் போகும். மூட்டை எடைக் குறைவாகக் கிடங்கிலிருந்து வந்தால் அந்தக் குறையும் விற்பனையாளர் தலையில் விழும். கிடங்கிலும் அதே தராசு இணைப்பு வேண்டும். கடைசி ஆளை மட்டும் அளந்தால் போதாது.

நிரலன்:
"98 சதவீதம் வெற்றி, இதற்கு மேல் என்ன வேண்டும்" என்ற வாதத்தை அடிக்கடி சந்திக்கிறோம். எந்த எண்ணாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முயற்சிகளில் 98ஆ, ஆட்களில் 98ஆ? முயன்று தோற்று வீடு திரும்பியவர் கணக்கில் இருக்கிறாரா? வராமலே நின்றுவிட்டவர் இருக்கிறாரா?

அடுத்து, தோல்வி எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. ஒரு முயற்சியில் 95 சதவீதம் பதியும் அலுவலக ஊழியர் மூன்று முறையும் தோற்பது பத்தாயிரத்தில் ஒன்று போன்ற அபூர்வம். ஒரு முயற்சியில் 10 சதவீதமே பதியும் கொத்தனார் மூன்று முறையும் தோற்க 73 சதவீத வாய்ப்பு (0.9ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்). சராசரி எடுத்தால் இவர் மறைந்துபோவார். சென்ற மாதம் தோற்றவர்தான் இந்த மாதமும் தோற்பார். தமிழ்நாட்டில் கார்டுகள் சுமார் 2.2 கோடி. நூற்றில் ஒரு கார்டு சிக்கினாலே 2.2 லட்சம் குடும்பம்.

இதற்கான தீர்வு எளிது. தொடர்ந்து இரண்டு மாதம் 300 வந்த கார்டுகளின் பட்டியலை மெஷினே எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்தக் கார்டுக்கு மாற்று வழி தானாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விற்பனையாளரின் தயவை எதிர்பார்க்க வைப்பது வடிவமைப்புக் குறை.

சட்டப்படி:
சட்டம் ரேகை பதியாதவர்கள் பக்கம்தான் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் 4–1 என்ற கணக்கில் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவை, அதாவது அரசு மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்பதை, ஏற்றது உண்மை. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். ஆனால் அதற்கு முன்பே, 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையம் அனுப்பிய சுற்றறிக்கையில், ரேகை பொருந்தாததால் மட்டும் யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது, வேறு வழியில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013: பிரிவு 8ன்படி உரிய பொருள் கிடைக்காவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படியாகப் பணம் கேட்கலாம். பிரிவு 15 மாவட்டக் குறைதீர் அலுவலர், 16 மாநில உணவு ஆணையம், 33ன்படி குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத அலுவலருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். இவை முன்னுரிமைக் கார்டுக்கும் அந்தியோதயா (மிக ஏழைகளுக்கான) கார்டுக்கும் பொருந்தும். முன்னுரிமையற்ற கார்டு மாநிலத் திட்டம், அதற்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் போக வேண்டும்.

மனுவில் உணர்ச்சி வேண்டாம், விவரம் வேண்டும். கடை எண், கார்டு எண், தேதி, நேரம், எத்தனை விரல் வைத்தார், திரையில் வந்த பிழை எண், மாற்று வழி கேட்டபோது சொன்ன பதில், கொடுக்காத பொருளின் அளவு. "விற்பனையாளர் மரியாதையில்லாமல் பேசினார்" என்று தொடங்கினால் விசாரணை அந்தப் பேச்சோடு முடிந்துவிடும், அரிசி வராது. 1967 அல்லது 1800 425 5901இல் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி மனுவில் எழுதுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் நேரில் கொடுத்து ஒப்புகை கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வரும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேட்கலாம்.

கண்மணி_இசேவை:
கூலிப் பணம், முதியோர் உதவித்தொகை "வரலை" என்று வருபவர்களுக்கு ஒரு குறிப்பு, இதுவும் அதே சிக்கலின் கிளை. ஆதார் வழிப் பணம் கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். சுயஉதவிக் குழுக் கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கியபோது ஆதார் கொடுத்திருப்பார்கள், பணம் அங்கே விழுந்துகொண்டிருக்கும், பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்து ஏமாந்துபோவார்கள். ஆதாரோடு இணைத்த போனிலிருந்து *99*99*1# அழைத்தால் எந்த வங்கி என்று தெரியும். மாற்ற வேண்டுமென்றால் விரும்பும் வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்து, "நேரடி மானியத்துக்கு இந்தக் கணக்கு" என்ற இடத்தில் டிக் செய்யச் சொல்லுங்கள். அந்த டிக் விடுபட்டால் ஆதார் கணக்கில் ஏறும், பணம் பழைய இடத்துக்கே போகும்.