வலப்பக்கமே போகும் பந்து: ஸ்விங் கோளாறுகளோடு எங்கள் அனுபவங்கள்

புதுக்கை:

கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் எட்டு மாதம் நான் அடித்த பந்தெல்லாம் ஒரே மாதிரிதான் போனது. ஒழுங்காகக் கிளம்பும், பாதி வழியில் யாரோ கூப்பிட்டது போல வலப்பக்கம் திரும்பிவிடும். அரிவாள் மாதிரி ஒரு வளைவு. அதற்கு ஸ்லைஸ் என்று ஒரு பெயர் இருப்பதே அப்புறம்தான் தெரிந்தது. (நான் வலது கைக்காரன். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.)

வலப்பக்கம் போகிறதா, சரி, இடப்பக்கம் குறி பார்த்து நின்றால் நடுவில் வந்து விழும் என்று கணக்குப் போட்டேன். வளைவு இன்னும் கூடியது. இன்னும் திரும்பி நின்றேன், இன்னும் கூடியது. காரணம் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அடிபடும் கணத்தில் கிளப்பின் (பந்தை அடிக்கும் மட்டையின்) முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். வளைவு வருவது முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசத்தால். நான் இடப்பக்கம் திரும்பத் திரும்ப, பாதையும் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டியது. முகம் மட்டும் திறந்தே, அதாவது பாதைக்கு வலப்பக்கம் பார்த்தபடியே, கிடந்தது. வைத்தியமே நோயை வளர்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு கோச்சிடம் போனேன். ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் விதத்தை, அடித்துக் காட்டத் தயாராக நின்றால், அவர் முதலில் கேட்டது என் கையுறையை. திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைச் சதை படும் இடத்தில் தோல் தேய்ந்து காசு அளவுக்கு ஓட்டை. "உள்ளங்கையில பிடிக்கிறீங்க, அது உள்ளே வழுக்கிட்டே இருக்கு" என்றார். அதுவரை நான் ஒரு பந்துகூட அடித்துக் காட்டவில்லை.

அப்புறம் கிளப்பைப் பிடிக்கச் சொல்லி, மேலிருந்து இடது கையைப் பார்க்கச் சொன்னார். எத்தனை விரல் முட்டி தெரிகிறது? ஒன்று. குறைந்தது இரண்டு தெரிய வேண்டுமாம். பிடி உள்ளங்கையில் இல்லாமல் விரல்களின் அடியில் படிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலது தோள் பக்கம் காட்ட வேண்டும். என்னுடையது மோவாயைக் காட்டியது. அப்படிப் பிடித்தால் முகத்தை மூடவே முடியாது என்பதால்தான் நான் தோளைப் போட்டு மேலிருந்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

புதுப் பிடி அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. முதல் நாள் முப்பது பந்தும் இடப்பக்கம் பாய்ந்தன. கோச் சிரித்தார். "நல்லது, இப்பதான் முகம் மூடுது." ஆட்டத்துக்குப் போகாமல் இரண்டு வாரம் ரேஞ்சிலேயே (பயிற்சித் திடலிலேயே) 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) மட்டும், அதுவும் அரை ஸ்விங். டிவி பார்க்கும்போதும் கையில் கிளப் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு பந்து நேராகப் போனது. இன்னொன்று, பிறகு இன்னொன்று.

உங்களுக்கு எது தொல்லை கொடுத்தது, எப்படிப் போனது? எழுதுங்கள்.

மண்வாரி:

தம்பி, என் பெயரைப் பார்த்தாலே கதை தெரியும். பந்துக்குப் பின்னால் இருக்கும் தரையைத்தான் நான் முதலில் அடிப்பேன். பந்து பத்தடி உருளும், புல்தரை பதினைந்தடி பறக்கும். அது பிடிக்காமல் கொஞ்சம் தூக்கி அடித்தால் பந்தின் மண்டையில் பட்டு டாப் ஆகும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மந்திரம்: "தலையைத் தூக்காதீங்க." தலையைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஆறு மாதம் மண் வாரினேன், கழுத்து வலிதான் மிச்சம். ஸ்வீடன் வீராங்கனை ஆனிகா சோரன்ஸ்டாம் ஆடுவதைப் பாருங்கள். அடிபடும் போதே அவர் தலை இலக்கின் பக்கம் திரும்பியிருக்கும். அப்படியே ஆடி 10 மேஜர் (மிகப் பெரிய போட்டிகள்) பட்டம் வாங்கியவர். அன்றோடு அந்த மந்திரத்தை விட்டேன்.

என் உண்மையான கோளாறு, பந்தை நான் தூக்கிவிடப் பார்த்தது. எடை முழுதும் வலது காலிலேயே தங்கிவிடும், கிளப் தரையைத் தொடும் இடமும் பின்னாலேயே நின்றுவிடும். 7 அயர்னின் முகமே ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்ந்திருக்கிறது. தூக்குகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் கீழ்நோக்கி அடித்தால் போதும். இதை மூளை ஒப்புக்கொள்ளச் சண்டை போட்டது.

எனக்கு உதவியது ஒரு துண்டு. நாலாக மடித்து, பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் போட்டேன். துண்டில் படாமல் பந்தை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் துண்டுதான் அதிக தூரம் போனது. பங்கர் (மைதானத்து மணல் குழி) மணலில் ஒரு கோடு கிழித்து, பந்தே இல்லாமல், கோட்டுக்கு இலக்குப் பக்கம் மணல் பறக்கிறதா என்றும் பார்ப்பேன். ஸ்விங் முடியும்போது வலது பாதத்தின் நுனி மட்டும் தரையில் நின்றால் எடை மாறிவிட்டது என்று அர்த்தம். அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவருக்கு இந்தக் கதை செல்லாது. அங்கே பந்து இடது குதிகாலுக்கு நேரே, டீ (பந்தைத் தாங்கும் சிறு முளை) மேல் உயரமாக இருக்கும், கிளப் மேலே ஏறும்போது அடிக்கிறோம்.

கழுத்தில் பட்டவன்:

எனக்கு ஷாங்க். சிலர் இந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். கிளப் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் பந்து பட்டு வலப்பக்கம் குறுக்கே ஓடும், பக்கத்தில் நிற்பவர் துள்ளுவார்.

கிளப் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே அடித்துவிட்டு ஐந்து பந்து அடித்தேன். ஐந்து தடமும் கழுத்தோரம். எடை கால் விரல்களுக்குப் போய், பந்தின் மேல் விழுந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு நாற்காலியைத் தொட்டபடி நின்று, அடித்து முடிக்கும் வரை இடுப்பு அதை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று நாளில் போய்விட்டது. மறுபடி வரும், தெரியும். பவுடர் பையிலேயே இருக்கிறது.

ஞாயிறு ஆட்டக்காரன்:

ஒரு சந்தேகம். வீடியோ எடுத்துப் பார்த்தால் என் ஸ்விங்கில் ஒன்பது தப்பு தெரிகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

புதுக்கை:

ஒன்பதையும் ஒரே ஸ்விங்கில் நினைத்தால் பத்தாவது வரும், நான் பார்த்துவிட்டேன். பந்தும் கிளப்பும் தொட்டுக்கொள்வது அரை மில்லி விநாடி. அதற்குள் எதையும் திருத்த முடியாது. அதனால் நான் அசையாமல் நிற்கும்போது இருக்கும் விஷயங்களை மட்டும் முதலில் பார்க்கிறேன்: பிடி, பந்தின் இடம், பாதங்கள் பார்க்கும் திசை. என் கணக்கில் பாதித் தப்புக்குமேல் அங்கேயே பிறக்கிறது. மீதி எல்லாம் அதைச் சமாளிக்க உடம்பு கண்டுபிடித்த குறுக்குவழி.

வீடியோ எடுக்கும்போது கேமராவை இடுப்புயரத்தில், உங்கள் கைகளுக்குப் பின்னால் இலக்கைப் பார்த்தபடி வையுங்கள். சாய்த்து வைத்தால் நல்ல ஸ்விங்கும் கோணலாகத் தெரியும். நானே அப்படி இல்லாத தப்பு ஒன்றைத் திருத்தப் பார்த்து ஒரு மாதம் வீணாக்கினேன்.

ஞாயிறு ஆட்டக்காரன்:

பையைத் திறந்து பழைய கையுறைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று இருக்கின்றன. மூன்றிலும் அதே இடத்தில் ஓட்டை. ஒவ்வொரு முறையும் தையல் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டேனே!