மரியாடிபி திரெட் பூல்: ஸ்டால் லிமிட்டைக் குறைக்கலாமா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில் நெல் கொள்முதல் செய்யும் ஒரு சங்கத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். காலபோக அறுவடை தொடங்கினால் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் பதிவு போடும். இணைப்புகள் கூடி எங்கள் தரவுத்தள மென்பொருளான மரியாடிபி திணறியதால், சில திரெட்களே (வேலை இழைகளே) எல்லா இணைப்புகளையும் பகிர்ந்து கவனிக்கும் 'பூல் ஆஃப் திரெட்ஸ்' முறைக்கு மாற்றினேன். சேர்வரின் புரொசசரில் 4 கோர் என்பதால் பூல் சைஸும் (திரெட் குழுக்களின் எண்ணிக்கை) இயல்பாகவே 4.

சின்னப் பதிவுகள் இப்போது நன்றாக ஓடுகின்றன. ஆனால் யாராவது மாத அறிக்கை எடுத்தால், அதே குழுவில் விழுந்த மற்ற இணைப்புகள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கின்றன. ஸ்டால் லிமிட் (ஒரு குழு எவ்வளவு நேரம் முடங்கினால் புதுத் திரெட் தொடங்கலாம் என்ற வரம்பு) இயல்பான 500 மில்லிசெக்கனில்தான் இருக்கிறது. அதை 100 ஆகக் குறைப்பதா, சைஸைக் கூட்டுவதா, இல்லை அறிக்கைக்குத் தனி ரெப்ளிக்கா (தரவுத்தளத்தின் நகல் சேர்வர்) போடுவதா?

உழவு இயந்திரப் பெட்டியில் நெல்லோடு வெயிலில் நிற்கும் கமக்காரரைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.