கொழும்பில் இருந்து ஹோட்டன் சமவெளிக்கு எதில் போவது? அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள்

வெள்ளவத்தைக்காரி:

பெப்ரவரி 4 விடுமுறையோடு லீவு சேர்த்து ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போய் ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பைப் பார்த்துவிட்டு வருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது, எதில் போவது என்பதில்தான் சண்டை. ஐந்து பேர். நான், கணவர், அம்மா (67 வயது, முழங்கால் நோவு, ஆனால் வீட்டில் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும்), மகளுக்கு 11, மகனுக்கு 6. மகனுக்கு வளைவுப் பாதை ஒத்துக்கொள்ளாது, அவிசாவளை தாண்டினாலே வாந்தி.

தம்பி சொல்கிறான், இரவு 11 மணிக்கு வானில் வெளிக்கிட்டால் விடிய 6 மணிக்குப் பூங்கா வாசலில் நிற்கலாம், நடந்து பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம், ஹோட்டல் காசு மிச்சம் என்று. (அவன் வரவில்லை, யோசனை மட்டும்தான்.) கணவர் பொடி மெனிகே ரயிலில் போவோம் என்கிறார். அம்மாவுக்கு பஸ் போதும். நேரே பூங்காவுக்குப் போகும் பஸ் ஏதும் இருக்கிறதா? காசு நிறையச் செலவழிக்க முடியாது, அதற்காக எல்லோரும் நொந்து நூலாகித் திரும்பவும் வேண்டாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:

அக்கா, நான் தலவாக்கலை. பூங்கா வாசலுக்கு பஸ் கிடையாது. நுவரெலியா வரை பஸ் வரும், நானுஓயா வரை ரயில் வரும், அதற்குப் பிறகு அம்பேவெல, பட்டிப்பொல வழியாக மேலே போகும் சுமார் 32 கிலோமீட்டருக்கு வானோ ஆட்டோவோ பிடித்துத்தான் ஆக வேண்டும். கொழும்பில் இருந்து எதில் வந்தாலும் இந்தக் கடைசித் துண்டில் மாற்றம் இல்லை. ஆகவே முந்தின இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள், ரயிலா பஸ்ஸா என்பதெல்லாம் அதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உலக முடிவு என்பது காலையில் மட்டும் திறந்திருக்கும் கடை மாதிரி. அந்த விளிம்பில் இருந்து கீழே ஏறக்குறைய 870 மீட்டர் நேர் பள்ளம், அதற்கு அப்பால் தெற்கே தாழ்நிலம். வெயில் ஏற ஏறக் கீழே இருக்கும் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலே வந்து குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் 9, 10 மணிக்கு மேல் அங்கே நின்றால் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. வாகனம் நிறுத்தும் ஃபார் இன் வரை போய், அங்கிருந்து நடந்து விளிம்புக்குச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், சின்னப் பிள்ளை இருந்தால் இன்னும் கூட. பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 மணிக்கெல்லாம் நுவரெலியாவில் வாகனத்தில் ஏறியிருக்க வேண்டும்.

தம்பியின் திட்டத்தில் இன்னொரு வில்லங்கம். இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டிய சாரதி அடுத்த நாள் பின்னேரம் கினிகத்தேன வளைவுகளில் உங்களை இறக்கிக்கொண்டு போவார். அந்தப் பாதையில் வளர்ந்தவன் சொல்கிறேன், ஹோட்டல் காசை அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மெயில்வண்டி:

எல்லோரும் நுவரெலியா நுவரெலியா என்கிறார்கள். இரவுத் தபால் ரயிலை ஏன் யாரும் சொல்வதில்லை? கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ஏறினால் விடியப்புறம் ஒஹிய நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து ஃபார் இன் 11 கிலோமீட்டர்தான். ஹோட்டலும் தேவையில்லை, சாரதியின் தூக்கமும் பிரச்சினை இல்லை. கையில் டோர்ச்சோடு அந்த ஏற்றத்தை நடந்தே போகிற ஆக்களும் உண்டு, அந்தக் குளிரில், பைன் மர வாசத்தில் நடக்கும்போது கிடைக்கிற சுகம் வேறு. பட்டிப்பொல தாண்டி வரும்போது விழித்திருங்கள், இலங்கையில் ஆக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் அதுதான், 1,890 மீட்டர் அளவில்.

கொழுந்துக்கூடை:

மெயில்வண்டி அண்ணா, தனியாள் என்றால் நானும் அதையே சொல்வேன். முழங்கால் நோவோடு ஒரு அம்மா, 6 வயதுப் பையன், இவர்களை விடிய 5 மணிக்கு ஒஹிய மேடையில் இறக்கிவிட்டு என்ன செய்வது? ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ வேண்டும், அதையும் முதல் நாளே ஃபோனில் பேசி வைக்க வேண்டும். மலைநாட்டு ரயில் ஒரு மணி நேரம் பிந்துவது புதினம் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில் பனிமூட்டம் முந்திவிடும். அதோடு அக்கா போவது பெப்ரவரியில், சிவனொளிபாதமலைப் பருவம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் வரை அந்த மலை ஏற ஹட்டன் போகும் சனம் எல்லாம் அதே இரவு ரயிலில்தான். ஹட்டனில் பாதிப் பெட்டி காலியாகும் என்பது உண்மை, அதுவரைக்கும் ஆசனம் பதிவு செய்யாத அம்மா எங்கே உட்காருவார்?

மெயில்வண்டி:

சரி, அம்மாவுக்காக விட்டுக்கொடுக்கிறேன். அக்காவின் கணவர் தனியாகப் போகும்போது என்னிடம் கேட்கட்டும்.

வெள்ளவத்தைக்காரி:

கணவர் இதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறார், நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

சரி, ஒரு இரவு தங்குவது என்றே வைப்போம். தங்கினால் நுவரெலியாதானா? மகனின் வாந்திக்கு எந்தப் பாதை பரவாயில்லை? இன்னொருவர், காலை 7 மணி இன்டர்சிட்டி ரயிலில் கண்டிக்குப் போய் அங்கிருந்து வான் பிடிக்கச் சொன்னார்.

தங்கமலை சித்தி:

மகள், கண்டி வழியை விட்டுவிடுங்கள். கண்டி வரை ரயில் சுகம்தான், அதற்குப் பிறகு கம்பளை, புசல்லாவ, ரம்பொட என்று ஏறும் பாதை இருக்கிறதே, வளைவுக்கு மேல் வளைவு. தேயிலையும் நீர்வீழ்ச்சியுமாக அழகுக்குக் குறைவில்லை, ஆனால் உங்கள் மகன் பையில் முகத்தை வைத்துக்கொண்டுதான் வருவான். ஹட்டன் பாதை அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்பார்கள், கித்துள்கல வரைக்கும் அந்தப் பேச்சு சரி.

நான் ஹப்புத்தளையில் இருக்கிறேன், அதனால் பக்கச்சார்பு என்று சொல்லலாம், ஆனாலும் சொல்கிறேன். அவிசாவளையில் இருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா என்று வரும் பாதையில் ஏற்றம் மெல்ல மெல்லத்தான் வரும், கடும் வளைவு ஹல்துமுல்ல, பெரகல பக்கம்தான். கொழும்பு–பதுளை 99ஆம் இலக்க பஸ் இந்த வழியாகத்தான் வருகிறது, ஹப்புத்தளையில் இறங்கலாம். இங்கே தங்கினால் விடியப்புறம் பொரலந்த, ஒஹிய வழியாகப் பூங்காவின் மற்ற வாசலுக்குப் போகலாம். தூரம் நுவரெலியாவில் இருந்து போவதைப் போலத்தான். அறை வாடகை நுவரெலியாவைவிடக் குறைவாக இருக்கும், விடுமுறை நாளில் சனமும் அவ்வளவு மொய்க்காது. ஒரு குறை, ஒஹியவில் இருந்து மேலே போகும் பாதை ஒடுக்கம், எதிரே வான் வந்தால் யாராவது பின்னால் எடுக்க வேண்டும். அந்தப் பாதை பழகிய சாரதி இல்லாமல் போகாதீர்கள்.

வாந்திக்கு: வெளிக்கிடும் முன் பால் கொடுக்க வேண்டாம். முன் ஆசனத்துக்குப் பின்னால், தூரத்தைப் பார்க்கிற மாதிரி இருத்துங்கள், கையில் ஃபோனைக் கொடுக்கவே கூடாது. மருந்து கொடுப்பதாக இருந்தால் டொக்டரிடம் கேட்டு, வயதுக்கு ஏற்ற அளவில்.

வெள்ளவத்தைக்காரி:

சித்தி, நன்றி. ஆனால் மகனுக்கு ரயிலில் வாந்தி வந்ததே இல்லை, அதை மறந்துவிட்டேன் சொல்ல. கண்டிக்குப் போன நேரம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு போனான். அப்படியென்றால் பகல் ரயில்தானே சரி?

கொழுந்துக்கூடை:

அதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு தட்டியிருக்க மாட்டோமே அக்கா! பகல் ரயில்தான். கோட்டையில் காலை 5.55க்கு பொடி மெனிகே, 8.30க்கு உடரட்ட மெனிகே. முதலாவது கண்டிக்குள் போய்த் திரும்பும், மற்றது கண்டியைத் தொடாமல் பேராதனையால் நேரே வரும். பொடி மெனிகே என்றால் மதியம் ஒரு மணி போல நானுஓயா, நுவரெலியா நகரம் அங்கிருந்து 8 கிலோமீட்டர். அம்மா கொஞ்சம் படுத்து எழும்பலாம், பிள்ளைகள் கிரகரி வாவிப் பக்கம் ஓடலாம், இரவு வெள்ளெனத் தூங்கினால் 5 மணிக்கு எழும்புவது கஷ்டம் இல்லை. உடரட்ட மெனிகேயில் வந்தால் பின்னேரம் ஆகிவிடும், பிந்தினால் இருட்டிவிடும், ஆனால் வெள்ளவத்தையில் இருந்து விடிய 4 மணிக்கு எல்லோரையும் எழுப்ப வேண்டியதில்லை. எதைத் தாங்குவீர்கள் என்று நீங்களே பாருங்கள்.

ஆசனம்தான் பாடு. பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும், மலைநாட்டு ரயில்களுக்கு உடனேயே முடிந்துவிடும், அதுவும் விடுமுறை நாள். எல்லோருடைய அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு திறக்கும் நேரத்திலேயே இருங்கள். கிடைக்காவிட்டால் பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறலாம்தான், ஏழு மணி நேரம் அம்மாவை நிற்க வைக்க முடியாது. ஆசனம் இல்லையா, சித்தி சொன்ன இரத்தினபுரிப் பாதைதான் உங்கள் இரண்டாவது வழி.

இன்னொன்று. மழை கடுமையாக இருந்தால் மண்சரிவில் ரயில் பாதை மூடப்படும். பெப்ரவரி நல்ல மாதம்தான், என்றாலும் முதல் நாள் நிலையத்தில் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.

ஸ்டியரிங்:

நான் வான் ஓடுகிறவன், மலைநாட்டு ஹயர்தான் கூட. நுவரெலியாவில் வான் பேசும்போது இவ்வளவையும் முதலே கேளுங்கள்: காத்திருப்பு சேர்த்தா? வாகனத்துக்கு வாசலில் கட்டும் கட்டணம் யார் பொறுப்பு? திரும்பும் வழியில் எங்கேயும் நிறுத்தலாமா? வாயால் பேசிவிட்டு, பயணம் முடிந்து காசு கொடுக்கும் நேரம் தர்க்கப்படுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். கொழும்பில் இருந்தே வான் கொண்டுபோனால் சாரதிக்கு இரவு அறையும் சாப்பாடும் உங்கள் கணக்கு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐயா சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், கொழும்புக்குள் மட்டும் ஓடிப் பழகியவர் என்றால் வேண்டாம் என்பேன். பட்டிப்பொல பாதை கார்ப்பட்தான், ஏறிவிடலாம். இறங்கும்போதுதான் எல்லோரும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார்கள், சூடாகி மணக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்க வேண்டும்.

வெள்ளவத்தைக்காரி:

காரை யோசிக்கவே இல்லை, அம்மாவே விடமாட்டார்.

இப்போது முடிவு இப்படி: பொடி மெனிகேயில் நானுஓயா, ஒரு இரவு நுவரெலியா, விடிய வான். ஆசனம் கிடைக்காவிட்டால் 99 பஸ், ஹப்புத்தளை. கடைசியாக இரண்டு கேள்வி. அம்மாவால் முழுச் சுற்றும் நடக்க முடியுமா? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

தங்கமலை சித்தி:

முழுச் சுற்று 9 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நான்கு மணி நேரம். சமவெளி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கல்லும் வேரும் சேறுமாகப் பல இடம் இருக்கிறது, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கி ஏறுவது முழங்கால் நோவுக்கு ஆகாது. சின்ன உலக முடிவு வரைக்கும் மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம், அது பாதித் தூரம்கூட இல்லை, அங்கேயும் பள்ளம் நன்றாகத் தெரியும். அதற்குமேல் முடியாது என்றால் ஒருவர் அவரோடு திரும்பிவிடுங்கள். ஃபார் இன்னில் இருக்க இடமும் தேநீரும் உண்டு, மரை மான்கள் வாகனம் நிறுத்தும் இடத்துக்கே வரும், அம்மாவுக்குப் பொழுது போகும். மரைக்கு எதையும் ஊட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோறு, பிஸ்கட் பக்கட் எதுவும் போகாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிள்கூட உரித்து எடுப்பார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் டப்பாவில் போடுங்கள். பெப்ரவரி விடியல் என்றால் புல்லில் உறைபனி கிடக்கும் நாளும் உண்டு, பிள்ளைகளுக்குக் காதுமூடும் தொப்பி கட்டாயம். 9 மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி உங்கள் கையில் தருவார்கள், அதற்கு ஒரு வெறும் பை.

வெள்ளவத்தைக்காரி:

லேபிள் விஷயம் தெரியவே தெரியாது. திரும்பி வருவதற்கும் ரயில்தானா?

கொழுந்துக்கூடை:

அன்றைக்கே கொழும்பு ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள், நடந்த கால்களோடு ஆசனம் தேடுவது வீண். இன்னொரு இரவு தங்க முடியுமானால் தங்கி, அன்று பின்னேரம் பதுளை வீதியில் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சீதா எலிய அம்மன் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். அடுத்த நாள் காலை நானுஓயாவில் ரயில், போவதற்குப் பதிவு செய்கிற அதே நேரத்தில் திரும்புவதற்கான பதிவு திறக்கும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தங்க முடியாது என்றால் நுவரெலியாவில் இருந்து பஸ் இருக்கிறது, அதில் மகனுக்குப் பக்கத்தில் கணவரை இருத்துங்கள்.