பழைய மெட்ராஸ் பட கார்டுகள்: எந்தக் காலம், எவ்வளவு நம்பலாம்?

செம்பருத்தி:
வணக்கம். ஒரு ஆல்பத்தில் 12 மெட்ராஸ் பட அஞ்சலட்டைகள் இருக்கின்றன: மவுண்ட் ரோடு, சென்ட்ரல் பக்கம், துணி வெளுப்பவர், பால்காரப் பெண். பாதிக்குத் தேதியே இல்லை. காலத்தை எப்படிக் கணிப்பது? உடை, நகை, நிறத்தைச் சான்றாக எடுக்கலாமா?

காலணா:
முதலில் கார்டைத் திருப்புங்கள். பின்பக்கம் நடுக்கோடு இல்லாமல் முழுக்க முகவரிக்கே விட்டிருந்தால் பழசு. முகவரிப் பக்கத்தில் பாதியைச் செய்திக்கு விட பிரிட்டன் 1902-லும் ஜெர்மனி 1905-லும்தான் அனுமதித்தன. அதற்கு முன் படத்தின் ஓர வெள்ளையில் நுணுக்கி எழுதுவார்கள். அதைக் கறை என்று அழித்துவிடாதீர்கள்.

ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்டு தலை என்றால் 1902-க்கு முன் போயிருக்காது. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்கு முன் இல்லை. சென்ட்ரல் அருகே ரிப்பன் கட்டடம் முழுதாகத் தெரிந்தால் படம் 1913 வாக்கிலோ பிறகோ எடுத்தது. படம் எடுத்தது, அச்சிட்டது, தபாலில் போனது மூன்றும் வேறு வேறு தேதி. பழைய படத்தையே பல வருஷம் விற்றார்கள்.

ஜரிகை:
நிறத்தை நம்பவே வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பிறகு ஏற்றிய நிறம் அது. நிறைய கார்டுகள் ஜெர்மனியில் அச்சானவை. அங்கே நிறம் போட்டவருக்கு அந்தச் சேலையின் நிறம் தெரிய வழியில்லை. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: சிவப்பு, சேலைக் கரையைத் தாண்டிக் கைமேல் வழிந்திருக்கும். சேலை கட்டிய விதம், கரை அகலம், தோடு ஆகியவை கேமராவில் பதிந்தவை. அவற்றை எடுத்துக்கொள்ளலாம், ரீடச் செய்த (படத்தைக் கையால் திருத்திய) தடம் இல்லையென்றால்.

தொழில் கார்டுகளில் காலடியைப் பாருங்கள். வெளுப்பவர் கம்பளத்தில் நின்றால், பின்னால் மரம் திரையில் தீட்டியிருந்தால், அது ஸ்டூடியோ. நகையும் மூட்டையும் அங்கே கொடுத்தவையாக இருக்கலாம். என் கணக்கில் தெருக் கார்டின் ஓரங்களே பொக்கிஷம்: கடைப் பலகை, மாட்டுவண்டி, யார் செருப்பு போட்டிருக்கிறார், யார் வெறுங்கால்.

செம்பருத்தி:
நன்றி. நாலு கார்டு பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. ஆவி காட்டி எடுக்கலாமா?

காலணா:
கூடவே கூடாது. லென்ஸில் பார்த்தால் அச்சுப் புள்ளியே இல்லாத அசல் போட்டோ கார்டு என்றால், படம் பதிந்திருக்கும் மேல் படலமான ஜெலட்டின் இளகிப் படம் உரிந்துவரும். பக்கத்தைக் கார்டைச் சுற்றி வெட்டி அப்படியே வையுங்கள். மற்றவற்றை இரு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை பிசுபிசுத்து ஒட்டும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.