ஸ்கேன் சாஃப்ட்வேரை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த வடசென்னைக்காரர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ராயபுரம் ரன்லெவல்:

சிடி, எம்ஆர்ஐ படங்களைத் திறக்கும் சாஃப்ட்வேரை யூனிக்ஸ், லினக்ஸ் பெட்டியில் சோர்ஸிலிருந்து, அதாவது எழுதிய நிரலிலிருந்தே, பில்டு செய்தவர்கள் நம் பக்கத்தில் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டருக்கு கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே வரும் டாக்டர் ஒருவருக்கு, ஸ்கேன் படங்களை முப்பரிமாணத்தில் காட்டும் 3டி ஸ்லைசர் வேண்டும் என்றார். லினக்ஸுக்கு ரெடிமேடாகவே கிடைக்கிறது, இறக்கி விரித்தால் ஓடும். ஆனால் அவர் கேட்டது சி++-இல் எழுதிய ஒரு மாட்யூலில் சின்ன மாற்றம். சரி, சோர்ஸ்தான் என்று ஆகிவிட்டது.

ஸ்லைசரை பில்டு செய்வது பிரியாணி கேட்டவனை ஆட்டுச் சந்தைக்கு அனுப்புகிற கதை. சூப்பர்பில்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது விடிகே, ஐடிகே, சிடிகே, பைத்தான் என்று தேவையான துணைச் சாஃப்ட்வேரை எல்லாம் வரிசையாக இறக்கி, ஒவ்வொன்றாக கம்பைல் செய்து, கடைசியில்தான் ஸ்லைசருக்கு வரும். திரையில் ஜன்னல், பட்டன் எல்லாம் வரையும் கியூடியை மட்டும் நாமே முன்கூட்டிப் போட்டு வைக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்த மெஷினைத் தொட்டவர் 8 ஜிபி ராமை வைத்துக்கொண்டு பில்டை நடத்தும் மேக் கமாண்டுக்கு, ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டச் சொல்லும் -ஜே8 கொடுத்திருந்தார். விடிகே-வைப் பைத்தானோடு இணைக்கும் கட்டத்தில் 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று நின்றுவிட்டது. கம்பைலரில் பழுது என்று நினைத்து வேறு வெர்ஷன் ஜிசிசி எல்லாம் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். டிமெசேஜ் கமாண்டைத் தட்டினால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று கெர்னல் தெளிவாகவே சொல்லியிருந்தது. டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்புகள் சில, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேலேயே தின்னும். -ஜே2 என்று குறைத்து, ராம் போதாதபோது டிஸ்கில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்று வைத்ததும் ஓடிவிட்டது. மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல்.

இன்னொன்று, பல ஜாப் ஓடும்போது திரையின் கடைசி வரியைப் படித்துப் பயனில்லை. 'எரர் 2' என்று மட்டும் இருக்கும். உண்மையான எரர் நானூறு வரிக்கு மேலே போய் ஒளிந்திருக்கும். வெளியீட்டை டீ கமாண்ட் வழியாக ஒரு லாக் கோப்புக்கு அனுப்பிவிட்டு, அதில் முதல் 'எரர்:' எங்கே என்று கிரெப் செய்யுங்கள். பில்டு ஃபோல்டரைப் பாதியில் வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். முழுப் பாதையும் உள்ளே எழுதப்பட்டிருக்கும்.

வியாசை மாணவன்:

அண்ணே, நான் பயோமெடிக்கல் படிக்கிறேன். என் புராஜெக்டுக்கு, மருத்துவப் படங்களை அலசும் லைப்ரரியான ஐடிகே மட்டும்தான் தேவைப்பட்டது. பில்டு டெஸ்டிங், பில்டு எக்ஸாம்பிள்ஸ் இரண்டையும் ஆஃப் செய்தவுடன் நேரம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. யாருமே இதை எனக்குச் சொல்லவில்லை.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவியில் போட்ட ஐடிகே ஒன்று, நானே பில்டு செய்தது ஒன்று, இரண்டும் ஒரே லேப்டாப்பில். பில்டை அமைத்துக் கொடுக்கும் சிமேக் எதை எடுத்தது என்றே தெரியவில்லை. கம்பைல் ஆகிறது, லிங்க்கும் ஆகிறது, ஓட விட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட். ஹெடர் ஒன்றிலிருந்து, லைப்ரரி மற்றொன்றிலிருந்து. எந்த லைப்ரரி சேர்கிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐடிகே_டிர் என்ற மாறியில் என் பில்டு ஃபோல்டரைக் கொடுத்தேன். அப்படியும் கேட்கவில்லை, ஏனென்றால் சிமேக் பழைய பாதையை கேஷ் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தது. ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக கான்ஃபிகர் செய்ததும் சரியானது.

ஒரு உபரித் தகவல். இன்று உலகமே பயன்படுத்தும் சிமேக் பிறந்ததே இந்த ஐடிகே-வுக்காகத்தான். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1999-இல் ஐடிகே-வுக்குப் பணம் கொடுத்தபோது, எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் பில்டு ஆக வேண்டும் என்று ஒரு தேவை வந்தது. அதற்காக கிட்வேர் நிறுவனம் எழுதியது சிமேக். எங்கள் புரொஃபசர் சொன்னபோது நம்பவில்லை, தேடிப் படித்துத்தான் நம்பினேன்.

காசிமேடு கரண்ட்:

எனக்கு சாஃப்ட்வேரால் பிரச்சினையே இல்லை. பவர்தான். பாதி பில்டில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப வந்து மேக் கொடுத்தால் 'ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு: ஃபைல் டிரங்கேட்டட்'. கட் ஆன நொடியில் எழுதிக்கொண்டிருந்த .ஓ கோப்புகள், அதாவது கம்பைல் ஆன துண்டுகள், பூஜ்யம் பைட்டில் கிடக்கின்றன. ஆனால் தேதி புதிது என்பதால் மேக் அவற்றை முடிந்ததாகவே எண்ணிக்கொள்கிறது. ஃபைண்ட் கமாண்டில் -சைஸ் 0 என்று தேடி அந்த .ஓ கோப்புகளை மட்டும் அழித்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்பு கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் போட்டிருந்தால் இன்னும் வேகம்.

தண்டையார்பேட்டை டீமன்:

எல்லோரும் லினக்ஸ் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டத்தின் ஆசாமி, கொஞ்சம் பிடிவாதக்காரன் என்று வீட்டில் சொல்வார்கள்.

மருத்துவ ஆராய்ச்சிக் கூடங்களில் எழுதிய பழைய சோர்ஸ் எதை எடுத்தாலும் லினக்ஸ் வாசனை அடிக்கும். ஸ்கிரிப்டின் தலையில் பின்/பேஷ் என்று இருக்கும், இங்கே பேஷ் யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருக்கிறது. மேக்ஃபைலை குனு மேக்குக்கென்று எழுதியிருப்பார்கள், எனவே ஜிமேக் என்று அழைக்க வேண்டும். மேலாக் ஹெடரை இன்க்ளூட் செய்திருந்தால் சிஸ்டமே 'எஸ்டிடிலிப் ஹெடருக்கு மாறிவிட்டது ஐயா' என்கிற பொருளில் எரர் கொடுத்து நிறுத்திவிடும். பிஎன்ஜி, ஜேபெக் லைப்ரரிகளை பேக்கேஜில் போட்டிருந்தும் ஹெடர் கிடைக்கவில்லை என்று அழும். யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் பக்கம் இங்குள்ள கிளாங் கம்பைலர் தானாகப் போகாது, சிபிபிஃபிளாக்ஸில் நாம்தான் காட்ட வேண்டும். ஒருமுறை பழகிவிட்டால் எல்லாச் சோர்ஸுக்கும் இதே நான்கைந்து திருத்தம்தான்.

ஸ்கேன் படங்களின் பொதுக் கோப்பு முறையான டைகாமைக் கையாளும் டிசிஎம்டிகே-வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் உள்ள ஆஃபிஸ் என்ற நிறுவனத்தின் வேலை அது, சுத்தமான கோடு. பில்டு சிரமமே தராது. ஆனால் மேக் இன்ஸ்டால் செய்யாமல் பில்டு ஃபோல்டரிலிருந்தே, கோப்பின் விவரங்களைக் காட்டும் டிசிஎம்டம்பை ஓட்டினால் 'நோ டேட்டா டிக்ஷனரி லோடட்' என்று எச்சரிக்கும், ஒவ்வொரு விவரத்தையும் குறிக்கும் டேக் எல்லாம் பெயரில்லாமல் வெறும் எண்ணாக வரும். டிசிஎம்டிக்ட்பாத் மாறியில் டைகாம்.டிக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

அப்புறம் போர்ட், நெட்வொர்க்கில் படம் வந்து சேரும் வாசல் எண். டைகாமின் பழைய வழக்கம் 104. 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எதுவும் ரூட் அனுமதி இல்லாமல் திறக்காது. அதற்காக, படங்களை வாங்கிக்கொள்ளும் ஸ்டோர்எஸ்சிபியை ரூட்டாக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 11112 என்ற போர்ட்டும் டைகாமுக்கென்றே பதிவானதுதான். ஸ்கேன் மெஷின் பக்கத்தில் அந்த எண்ணை மாற்றச் சொன்னால் சர்வீஸ் இன்ஜினியர் முணுமுணுப்பார், ஆனால் மாற்றிக் கொடுப்பார்.

மணலி மாட்யூல்:

எனக்கு வாய்த்தது இன்டர்நெட்டே இல்லாத இடம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். உள்ளே இருக்கும் நெட்வொர்க் வெளியுலகத்தைத் தொடாது, அது சரியான ஏற்பாடும்கூட. அங்கே ஸ்கேன் படங்களைச் சேமித்துத் தரும் ஆர்தாங்க் சர்வர் வைக்க வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிறந்த சர்வர் அது, சின்னதாக இருந்தாலும் நன்றாக உழைக்கும்.

அதன் சிமேக் ஸ்டேட்டிக் பில்டில் தேவையான லைப்ரரிகளை இணையத்திலிருந்து இழுக்கும். நெட் இல்லாவிட்டால் அங்கேயே முடிந்தது. ஆனால் இழுத்ததை எல்லாம் தேர்ட்பார்ட்டிடவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் போடுகிறது. வீட்டில் ஒருமுறை ஓடவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோனால் உள்ளே இருப்பதையே எடுத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே பில்டு செய்து பைனரியைக் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டில் டெபியன் 12, அங்கே டெபியன் 11. ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி அங்கே 2.31, இங்கே 2.36. 2.36-இல் பிறந்த பைனரி 2.31-இல் எழுந்திருக்காது, 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' என்று திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் டெபூட்ஸ்ட்ராப் வைத்து டெபியன் 11-க்கு ஒரு சிரூட், அதாவது உள்ளேயே ஒரு தனிச் சூழல், அமைத்தும் செய்யலாம். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

ஒற்றியூர் அக்கா:

தம்பிகளா, நான் கம்பைல் செய்கிறவள் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக ரேடியோகிராஃபர். நீங்கள் எல்லோரும் 'பில்டு ஆகிவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அந்தத் திரை முன்னால் உட்காருகிறவள் நான். அதனால் என் பங்குக்கும் எழுதுகிறேன்.

எங்கள் சென்டரில் ஒரு பையன் இப்படி ஒரு வியூவரை பில்டு செய்து போட்டுக் கொடுத்தான். நூறு சதவீதம் வந்தது, டெஸ்டும் பாஸ் என்றான். நான் முதலில் வாட்டர் ஃபேண்டம் ஸ்கேனைத் திறக்கச் சொன்னேன். தினமும் காலையில் சிடி மெஷினைச் சரிபார்க்க எடுக்கும் படம்தான், தண்ணீர் நிரப்பிய உருளை. சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மவுஸை நடுவில் வைத்தால் ஆயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. படத்தைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ரீஸ்கேல் இன்டர்செப்ட் என்று கோப்பிலேயே மைனஸ் 1024 எழுதியிருக்கிறது, அதைக் கூட்டாமலேயே எண்ணைக் காட்டியிருக்கிறது அவன் பில்டு. ஒரு கட்டியின் அடர்த்தியை அதில் அளந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது இடம் வலம். டைகாம் கோப்பில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடது பக்கம் நோக்கிக் கூடும், நிஃப்டி என்ற மற்றொரு படக் கோப்பு வகையில் வலது பக்கம் நோக்கி. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நிரலில் அந்தக் குறி ஒரு இடத்தில் தவறினாலும் மூளை கண்ணாடிபோல் திரும்பிவிடும். மூளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எம்ஆர்ஐயில் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். மெடிக்கலில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரை அல்லது வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை டேப் போட்டு வலது நெற்றியில் ஒட்டிவிட்டு ஸ்கேன் எடுப்போம். எண்ணெய் வெள்ளையாக மின்னும். அப்படி எடுத்த படம் ஒன்றை வைத்துக்கொண்டு, புதுப் பில்டு வந்தால் அந்த வெள்ளைப் புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கிறேன். அதற்கு மேல் எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் எனக்குக் காட்ட வேண்டாம்.

இன்னொரு கூத்து, சில கோப்புகள் மட்டும் திறக்கவே இல்லை. எல்லாம் ஜேபெக் 2000 முறையில் சுருக்கியவை. டீமன் தம்பி புகழ்ந்த டிசிஎம்டிகே-வில் இலவசப் பதிப்புக்கு அது கிடையாது என்று அந்தப் பையன்தான் பிறகு கண்டுபிடித்தான். ஜிடிசிஎம் என்ற இன்னொரு லைப்ரரி வழியாகத் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தான்.

தண்டையார்பேட்டை டீமன்:

அக்கா சொல்வது சரிதான், ஜேபெக் 2000 அதில் தனி விலைக்குத்தான். புகழ்ந்ததை வாபஸ் வாங்கமாட்டேன்.

வியாசை மாணவன்:

அக்கா, தமிழில் பெயர் அடித்த கோப்புகள் கேள்விக்குறியாக வருகிறதே, அது எதனால்?

ஒற்றியூர் அக்கா:

அதுவும் பில்டால்தான் என்று கேள்விப்பட்டேன். ரன்லெவல் தம்பியைக் கேள்.

ராயபுரம் ரன்லெவல்:

இரண்டு இடம் பார்க்க வேண்டும். கோப்பில் 0008,0005 என்ற டேக் இருக்கிறதா, அதில் ஐஎஸ்ஓ_ஐஆர் 192 என்று இருக்கிறதா என்று முதலில் பார். யூடிஎஃப்-8 என்று அறிவிப்பது அதுதான். அந்த டேக் இல்லாமலேயே சில மெஷின்கள் தமிழை எழுதிவிடும், அங்கே உன் பில்டைக் குறை சொல்லிப் பயனில்லை. டேக்கில் வேறு எழுத்துமுறை இருந்து மாற்ற வேண்டியிருந்தால் டிசிஎம்டம்புக்கு +யூ8 கொடு. பழைய டிசிஎம்டிகே பதிப்புகளில் அந்த ஆப்ஷன் வேலை செய்யவில்லை என்றால், எழுத்துமுறையை மாற்றும் ஐகான்வ் லைப்ரரி கான்ஃபிகர் நேரத்தில் சிக்கவில்லை என்று அர்த்தம். சிமேக் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும். கான்ஃபிகர் முடிந்ததும் எந்தெந்த வசதி ஆன், எது ஆஃப் என்று ஒரு பட்டியல் வருமே, அதைப் படிக்காமல் மேக் கொடுக்காதே.

இன்னொரு விஷயம், டெஸ்டுக்கு சென்டரின் நோயாளிப் படங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதே. டேக்கில் பெயரை அழித்தாலும் அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் பிக்சலிலேயே பதிந்திருக்கும். ஸ்லைசரின் சாம்பிள் டேட்டா மாட்யூலில் எம்ஆர்ஹெட், சிடிசெஸ்ட் என்று தயாராக இருக்கின்றன, அவை போதும்.

அக்கா, அந்த வாட்டர் ஃபேண்டம் கோப்பு ஒன்று எனக்கும் வேண்டும். அதில் நோயாளி யாரும் இல்லையே, கொடுப்பீர்களா?

ஒற்றியூர் அக்கா:

டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வா, காலையில் கூட்டம் அதிகம். பென்டிரைவை வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுக் கொண்டுவா.