டோனிக் கோட்டில் வென்ட் வாய் பிளக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். 60-களின் லண்டன் மாட் (Mod, அக்கால இளைஞர்களின் கச்சித உடை மோகம்) பாணியில் ஒரு சூட் தையலில் இருக்கிறது. மூன்று பட்டன், ஒடுங்கிய லேப்பல் (மார்பில் மடியும் பட்டை), இரு பக்கமும் 10 இன்ச் வென்ட் (கோட்டின் கீழ்ப்பகுதியில் விடும் திறப்பு). துணி மோஹேர் (அங்கோரா ஆட்டு முடி) கலந்த டோனிக், அதாவது இருநிற இழைத் துணி. பாவு (நீள இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) செம்பழுப்பு. அசையும்போது நிறம் மாறுவதுதான் அதன் அழகே.

சிக்கல்: பட்டன் போட்டதும் வென்ட் இரண்டும் விரிகின்றன. இடுப்பை நன்றாகப் பிடித்த வெட்டு என்பதால் அதற்குக் கீழே சுற்றளவு போதவில்லை என்று தெரிகிறது. கம்பளித் துணியென்றால் ஆவி அயர்னில் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம். மோஹேர் விறைப்பானது, படியாது. அழுத்தித் தேய்த்தால் பளபளப்புத் தட்டும், மடிப்பில் இழையே முறியும். பக்கத் தையலுக்குள் அரை இன்ச் துணி இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் பழைய ஊசித்தடம் வெளியே தெரியுமா? வென்ட் ஓரத்தில் உள்ளே டேப் வைத்துப் பிடித்தவர்கள் இருக்கிறீர்களா?

இன்னொன்று, பேன்ட் பாட்டம். லோஃபருக்கு (கயிறில்லாத ஷூ) சுற்றளவு 15 இன்ச் கச்சிதம். தடித்த அடியுள்ள ப்ரோக் (துளை வேலைப்பாடுள்ள) ஷூவுக்கு அதே அளவு வைத்தால் கால் படகு மாதிரி தெரிகிறது. 16 போதுமா, 17 வேண்டுமா? இரண்டு ஷூவுக்கும் ஒரே பேன்ட்தான். பேன்ட் துணியை வெட்டுவதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.